சாவு வீட்டுப் பாண்

போறணை அடுப்பிலிருந்து பாண் இறங்கும் வாசம் பட்டால் உங்களுக்குப் பசிக்கும். எனக்குப் பசிக்காது. யார் வீட்டில் என்று கேட்கத் தோன்றும். போன கிழமை பதுளையில் ஒரு கலியாண வீட்டில் இருந்தேன். பக்கத்துச் சந்தில் பேக்கரி. வாசம் வந்ததும் வாய் முந்திக்கொண்டது. "யாரு? எப்ப எடுக்குறாங்க?" என்று கேட்டுவிட்டேன். பிணம் எடுக்கும் நேரத்தைத்தான் கேட்டேன் என்பது மாப்பிள்ளையின் சித்தப்பாவுக்குப் புரிந்துவிட்டது. அதன் பிறகு அவர் என் பக்கம் திரும்பவில்லை.

நம் சமுதாயக் கல்லூரிக்குப் புதிதாக வேலைக்கு வந்திருக்கிற தம்பி தங்கச்சிகளே, இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். என் பிரியாவிடைத் தேநீரில் உங்களில் ஒருவர் கேட்டார்: "மிஸ், விண்ணப்பத்துல 'நிலைத்த நிதி ஆதாரம்'னு ஒரு கட்டம் இருக்கே, அதுல என்னா எழுதுறது?" அப்போது என் வாயில் கேக் இருந்தது. இப்போது இல்லை.

கல்லூரிப் பொறுப்பாளர் வேலையிலிருந்து நான் ஓய்வு வயதுக்கு முன்னாடியே கிளம்பிவிட்டேன். காரணம் பெரிதாக ஒன்றும் இல்லை. மலையில் பிறந்தவளுக்குக் கால் ஓரிடத்தில் தரிக்காது. ஏறத் தெரியும், இறங்கத் தெரியும், நிற்கத்தான் வராது. பட்டிப்பொலயில் அண்ணன் வீட்டோடு ஒரு துண்டு லீக்ஸ் தோட்டம் இருக்கிறது. அங்கேயும் எத்தனை காலம் இருப்பேன் என்று அண்ணி இப்போதே கேட்கிறாள்.

சரி, அந்தக் கட்டம்.

நோர்வூட் கடைத்தெருவுக்கு மேலே நம் கட்டடம். ஒரு காலத்தில் தோட்டத்து உரம் வைத்த களஞ்சியம் அது. மழைநாளில் சுவர் இன்னமும் பழைய உத்தியோகத்தை நினைத்துக்கொண்டு மணக்கும், கவனித்திருப்பீர்கள். அதற்குள் தையல், மின்கம்பி வேலை, பேக்கரி என்று மூன்று பயிற்சிகள். மூன்றையும் வெளிநாட்டு அறக்கட்டளை ஒன்று தாங்கியது. அறக்கட்டளை என்பது மூடுபனி மாதிரி. வரும்போது யாரையும் கேட்காது, போகும்போது யாரிடமும் சொல்லாது. இருக்கிற வரைக்கும் பள்ளம் தெரியாது.

பேக்கரி சொல்லிக்கொடுத்தது பாஸ் அக்கா. மேசன் பாஸ், தச்சு பாஸ் என்று கைவேலை தெரிந்த ஆண்களை 'பாஸ்' என்று கூப்பிடுவதுதான் நம் பக்கத்து வழக்கம். கைவேலை தெரிந்த பெண் வந்து நின்றபோது பிள்ளைகள் கொஞ்சம் யோசித்தார்கள். கடைசியில் 'பாஸ் அக்கா' என்று முடிவாயிற்று. அவள் சொந்தப் பெயரைச் சம்பளப் பட்டியலில்தான் பார்க்கலாம்.

பாஸ் அக்கா மா பிசையக் கற்றது குவைத்தில், ஒரு வீட்டுச் சமையலறையில். கைக்குழந்தையைத் தன் அம்மாவிடம் விட்டுப் போனவள். திரும்பி வந்து தோட்டத்து வரிசை வீட்டில், லயத்து வாசலில் பெட்டியை இறக்கியபோது மகள் எட்டிப் பார்த்தாளாம்.

"'வாங்க, உக்காருங்க'ன்னா மிஸ். தண்ணி கூட குடுத்தா. தம்ளர தட்டுல வச்சு."

இதைச் சொல்லும்போது அவள் அழவில்லை. தட்டில் வைத்துக் கொடுத்த தண்ணீரைக் குடித்தாளா என்று நானும் கேட்கவில்லை.

அறக்கட்டளையின் காலம் முடிகிற வருடம். நீடிக்க வேண்டுமென்றால் ஒவ்வொரு பயிற்சியும் தன் காலில் நிற்கும் என்று காட்ட வேண்டும். தையல் நின்றது, பாடசாலைச் சீருடை இருந்தது. மின்கம்பிப் பிள்ளைகளுக்கு டவுனில் வேலை இருந்தது. பேக்கரிக்கு ஒன்றும் இல்லை. மூடினால் பாஸ் அக்கா மறுபடியும் குவைத். ஹட்டனில் ஏஜென்சிக்காரனிடம் பாஸ்போட்டைக் கொடுத்தாயிற்று. "வருசக் கடைசியில பிளேன் மிஸ், இல்லாட்டி இல்ல" என்றாள், பஸ் வருகிற நேரத்தைச் சொல்வது போல.

பாண் ஆட்டோ ஒன்று விட்டுப் பார்த்தோம். மின்கம்பிப் பிள்ளைகள் அதில் ஒலிபெருக்கி கட்டினார்கள். லயம் லயமாகப் போனது. நம் சனத்துக்குக் காலையில் ரொட்டியும் சம்பலும்தான். பாண் சம்பள நாளின் பலகாரம். மற்ற நாளில் பிள்ளைகள் ஆட்டோவுக்குப் பின்னால் ஓடிவந்தார்கள், பாட்டுக் கேட்க. பாட்டு நன்றாக ஓடியது. பாண் திரும்பி வந்தது.

இந்த நிலையில்தான் அறக்கட்டளையிலிருந்து இரண்டு பேர் பார்க்க வருவதாகச் செய்தி. வெள்ளைக்கார அம்மா ஒருவர், கூடவே கொழும்பிலிருந்து ஒரு சிங்கள உத்தியோகத்தர், மகத்தயா. பாஸ் அக்காவும் பிள்ளைகளும் அலமாரி அலமாரியாகச் சுட்டு அடுக்கினார்கள். பாண், பணிஸ், முதலை வடிவத்தில் சீனி தூவிய பணிஸ். நான் மண்டபத்தைப் பார்த்துக்கொண்டேன். கதிரை பத்தவில்லை. கதிரை பத்தாவிட்டால் தோட்டத்தில் எல்லாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். மேல் டிவிசன் மரண உதவிச் சங்கத்திடம் இரவல் கேட்டேன்.

சங்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஒவ்வொரு தோட்டத்திலும் ஒன்று இருக்கிறது. வீட்டுக்கு வீடு மாதச் சந்தா. அதில் கதிரை, தறப்பாள், அண்டா எல்லாம் வாங்கி வைத்திருப்பார்கள். கோயில் சனமும் சர்ச் சனமும் ஒரே சங்கம்தான். கலியாணத்துக்கும் பிறந்தநாளுக்கும் அதே கதிரைதான் போகும். ஒவ்வொரு கதிரையின் முதுகிலும் சிவப்புப் பெயின்ட்டில் கொட்டை எழுத்தில் 'மரண உதவிச் சங்கம்' என்று இருக்கும். அதில் உட்கார்ந்துதான் நம் பக்கத்தில் தாலி கட்டுகிறார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

ஆனாலும் வெளிநாட்டு விருந்தாளி என்று எனக்குக் கொஞ்சம் கூச்சம். எழுத்து வெளியே தெரியாதபடி எல்லாக் கதிரைக்கும் வெள்ளைத் துணி போர்த்தச் சொன்னேன். போர்த்தினார்கள். தள்ளி நின்று பார்த்தேன். அதுவரை மண்டபமாக இருந்தது சாவு வீடாகிவிட்டது.

வருகைக்கு முந்தின நாள், பத்து மணித் தேத்தண்ணிக்கு முன்னால், மேல் டிவிசன் பக்கமிருந்து தப்புச் சத்தம். திருவிழாத் தப்பு வேறு, சாவுத் தப்பு வேறு. பனிக்குள் வந்து சேர்ந்தது சாவுத் தப்பு. பாஸ் அக்கா மாவிலிருந்து கையை எடுத்தாள். இறந்தது கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் தராசு பிடித்த பெரியவர். எல்லார் கூடையையும் நிறுத்தவர்.

கொஞ்ச நேரத்தில் ஆட்டோவில் வந்து இறங்கினார் சங்கச் செக்கட்டரி. பெரிய வயிறு, சின்னக் குடை.

"மிஸ், கதிரை."

"நாளைக்கு ஒரு நாள் மட்டும் அண்ணே..."

"செத்தவர்கிட்ட சொல்லிப் பாருங்க. அவரு சரின்னா எனக்கும் சரி."

கதிரைகள் போயின. வெள்ளைத் துணியையும் கேட்டார், பந்தலுக்கு ஆகும் என்று. கொடுத்தேன். பிறகு மூக்கை உயர்த்தினார்.

"என்னா, பாண் வாசமா?"

அவருக்கு அன்றைக்குப் பாணும் பிரச்சினை. ஹட்டன் பாதையில் மண் சரிந்து, டவுன் பேக்கரிக்கு மா வரவில்லை. சாவு விழுந்த லயத்தில் பிணம் எடுக்கும் வரை அடுப்பு எரியாது. ஒரே கூரை, ஒரே துக்கம், எல்லாக் காம்பராவுக்கும் சேர்த்துத்தான். வருகிற சனத்துக்கு எல்லாம் பாணும் பால் இல்லாத பிளேன்டீயும்தான். பாண் இல்லாத சாவு வீடு செக்கட்டரிக்கு மானக்கேடு.

"அது நாளைக்குக் காட்டுறதுக்கு வச்சிருக்கிறது" என்றேன்.

பாஸ் அக்கா அதற்குள் கூடைகளை எடுத்து வைத்துவிட்டாள்.

"காட்டுறதுக்கா? திங்கிறதுக்கு மிஸ் பாண் சுடுவாங்க."

"இதுல உன் பிளேன் இருக்கு. மறந்துட்டியா?"

"மறக்கல." கூடையைச் செக்கட்டரியின் தலைக்குத் தூக்கிவிட்டாள். "அந்த மனுசன் எங்கம்மா கூடைக்கு ஒரு நாளும் குறைச்சு நிறுத்ததில்ல."

மறுநாள் காலை விருந்தாளிகள் வந்தார்கள். முந்தின நாளே பொகவந்தலாவைப் பக்கம் ஒரு பங்களாவில் வந்து தங்கியிருந்ததால் மண் சரிவு அவர்களைத் தடுக்கவில்லை. தடுத்திருக்கலாமே என்று மண் சரிவின் மேல் எனக்குக் கோபம். மண்டபத்தில் கதிரை இல்லை. அலமாரியில் பாண் இல்லை. தோட்டத்தில் சாவென்றால் யாரும் வேலைக்குப் போக மாட்டார்கள், பிள்ளைகள் மட்டும் எப்படி வருவார்கள்? ஒரு பிள்ளைகூட இல்லை. பாஸ் அக்காவும் மேலேதான். வாசலில் காவல்காரரின் நாய் இருந்தது. அது எழுந்து வாலை ஆட்டி, எங்கள் தரப்பில் செய்ய முடிந்ததைச் செய்தது.

தம்பி தங்கச்சிகளே, இக்கட்டில் மூளை முதலில் பொய்யைத்தான் எடுத்து நீட்டும். அதுதான் கைக்கு எட்டும் தட்டில் இருக்கும். இன்றைக்கு லீவு, பிள்ளைகளுக்குச் சுகமில்லை, போறணை பழுது என்று மூன்று பொய் என் நாக்கில் வரிசையாக வந்து நின்றன. மூன்றுக்கும் பிறகு நான் இவர்களை இங்கேயே நிறுத்தி வைக்க வேண்டும், எதைக் காட்டி? சுவரையா?

"பிள்ளைகள் மேலே இருக்கிறார்கள்" என்று மகத்தயாவிடம் சிங்களத்தில் சொன்னேன். "பாணும் மேலேதான். நடக்க முடியுமா?"

ஏறினோம். தேயிலைக்கு நடுவே பாதை ஈரமாகக் கிடந்தது. இரண்டு பக்கமும் குச்சியில் வெள்ளைக் கொடி. வெள்ளைக்கார அம்மா தன்னை வரவேற்கக் கட்டியது என்று நினைத்து ஒவ்வொரு கொடிக்கும் சிரித்துக்கொண்டே வந்தார். திருத்தலாம் என்று வாயெடுத்தேன். ஏற்றம் கடுமையாக இருந்தது, மூச்சு இல்லை.

சாவு வீட்டில் யாரையும் ஏன் வந்தாய் என்று கேட்க மாட்டார்கள். இரண்டு பேருக்கும் கதிரை வந்தது. பணிஸ் வந்தது. என் பிள்ளைகள் தட்டோடு வரிசை வரிசையாக நடந்துகொண்டிருந்தார்கள். மின்கம்பிப் பிள்ளைகள் பந்தலுக்கு வெளிச்சம் போட்டிருந்தார்கள். தையல் பிள்ளைகள் சவப்பெட்டிக்குள் விரிக்கும் துணிக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தார்கள். பாடத்திட்டத்தில் இருந்ததெல்லாம் அங்கே நடந்துகொண்டிருந்தது, அழுகைக்கு நடுவில்.

செக்கட்டரி பாணைப் பிய்த்து வாயில் போட்டுவிட்டு எல்லார் முன்னாலும் சொன்னார்: "உப்பு பத்தல."

பாஸ் அக்கா நிமிர்ந்தும் பார்க்கவில்லை. "அழுகுறவங்க வாய்க்குப் போறது அண்ணே. உப்பு தானா சேரும்."

வெள்ளைக்கார அம்மா முன்கதிரையின் முதுகைக் காட்டி, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். அவர் இங்கிலிஷில் கேட்க, மகத்தயா சிங்களத்தில் என்னிடம் கேட்க, நான் தமிழில் செக்கட்டரியிடம் கேட்டேன். செக்கட்டரி சங்கத்தைப் பற்றி விளக்கினார். எங்க பாட்டன் காலத்துச் சங்கம், வேலைநிறுத்தம் வந்தப்பவும் சந்தா நிக்கல, கொரோனா வந்தப்பவும் நிக்கல என்றார். அது போய்ச் சேர்ந்தது. அந்த அம்மா எழுதிக்கொண்டார். இன்னொரு கேள்வி வந்தது. பாணுக்கான இந்தத் தேவை அடுத்த வருடத்தில் எந்த அளவு வளரும்?

மகத்தயா என்னைப் பார்த்தார். நான் செக்கட்டரியைப் பார்த்தேன். பெட்டி பக்கத்தில் இருந்தது. இருந்தாலும் கேட்டேன். கேள்வியை மாற்றிக் கேட்க எனக்கு உரிமை இல்லை.

செக்கட்டரி தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"வளர்ச்சியா? எங்க தோட்டத்துலயா? நாங்க என்னா துரோகம் மிஸ் பண்ணுனோம் இவங்களுக்கு?"

மகத்தயாவிடம், "சொல்வது கடினம் என்கிறார்" என்றேன்.

சில கிழமை கழித்து மகத்தயா தொலைபேசியில் முடிவைச் சொன்னார். தையலுக்கும் மின்கம்பிக்கும் சரி. பேக்கரிக்கு இல்லை. அந்த மரபு மனதைத் தொட்டதாம், ஆனால் மரணத்தை வருமான வழியாக ஏற்க அவர்கள் விதிமுறையில் இடமில்லையாம். நியாயம்தான். அவர்கள் நாட்டில் யாரும் சாவதில்லையா என்று கேட்கத் தோன்றியது. மகத்தயா நல்ல மனிதர், அதனால் நான் கேட்கவில்லை.

ஆனால் செக்கட்டரிக்கு எங்கள் பாண் பிடித்துவிட்டது. உப்பு பத்தாது என்று சொல்லிக்கொண்டே ஒவ்வொரு சாவுக்கும் வந்தார். பக்கத்துத் தோட்டத்துச் சங்கங்களும் வந்தன. மா வாங்கினோம், போறணை எரிந்தது, பிள்ளைகள் கற்றார்கள். பாஸ்போட் மட்டும் ஹட்டனிலேயே இருந்தது. "பாப்போம் மிஸ்" என்றாள் பாஸ் அக்கா.

பிறகு ஒரு மாதம் யாரும் சாகவில்லை. அருமையான மாதம். வெயில் கூட அடித்தது. போறணை குளிர்ந்து கிடந்தது. பிள்ளைகள் கதவுப் படியில் உட்கார்ந்து மேல் பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள் என்று சொன்னால் சரியாக இருக்கும். ஒரு நாள் நல்ல பிள்ளை ஒருத்தி, கெட்டிக்காரி, சாதாரணமாகக் கேட்டாள்:

"பாஸ் அக்கா, கீழ் லயத்துப் பாட்டிக்கு எப்பிடி இருக்காம்?"

விசாரிப்புத்தான். ஆனால் அது எதை விசாரிக்கிறது என்று அறையில் இருந்த எல்லாருக்கும் தெரிந்தது. பாஸ் அக்கா அந்தப் பிள்ளையைத் திட்டவில்லை. எல்லாத் தட்டுகளையும் எடுத்துக் கொடுத்துக் கரி போகத் தேய்க்கச் சொன்னாள். பிறகு என்னிடம் வந்தாள்.

"மிஸ், நான் இந்தப் புள்ளைங்களுக்குப் பாண் சுடத்தான் சொல்லிக் குடுத்தேன். சாவு எண்ணச் சொல்லிக் குடுக்கல. நான் குவைத்துக்கே போயிடுறேன்."

என் கையில் பேக்கரிக்கென்று ஒரு நிதியும் இல்லை. இருந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்று மாரியம்மன் கோயில் முற்றத்தில் மேல் டிவிசன் சங்கக் கூட்டம். "போறதுக்கு முன்னுக்கு இத அங்க வந்து சொல்லிட்டுப் போ" என்றேன். என் பணிக்காலத்தில் நான் எடுத்த நல்ல முடிவுகளில் இது ஒன்று. அப்போது அது முடிவு மாதிரியே இல்லை. எரிச்சல் மாதிரி இருந்தது.

பாஸ் அக்கா முற்றத்து நடுவில் நின்று சொன்னாள். "யாரு எப்ப சாவாங்கன்னு பாத்துக்கிட்டு என்னால போறணை வைக்க ஏலாது. சங்கம் மாசா மாசம் சந்தாவுல ஒரு பங்கு குடுக்கணும். சாவு இருந்தாலும் குடுக்கணும், இல்லாட்டியும் குடுக்கணும். சாவுன்னா நீங்க வந்து கேக்க வேணாம், தப்புச் சத்தம் கேட்டா பாண் வரும். சாவு இல்லாத மாசம் புள்ளைங்க சுடுறத, கொழுந்தெடுக்கப் போறப்ப கைக்குழந்தைங்கள விட்டுட்டுப் போறீங்களே, அந்தப் பிள்ளைக் காம்பராவுக்குக் குடுக்குறேன், சின்னதுக திங்கட்டும். இல்லாட்டி நான் பிளேன் ஏறுறேன்."

மரத்தடியிலிருந்து ஒருத்தர் எழுந்தார். "சாகாத மாசத்துக்கு எதுக்குப் பாணுக்குக் குடுக்கணும்?"

கொழுந்தெடுக்கிற பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது: "ஏன் மாமா, மாசா மாசம் சந்தா குடுக்குறீங்களே, மாசா மாசமா சாகுறீங்க?"

கோயில் மணியே சிரித்திருக்கும். மாமா உட்கார்ந்துவிட்டார். செக்கட்டரி மட்டும் விடவில்லை. திருவிழாவுக்கு மீன் போடாத பணிஸ், தோட்டத்துக்கு ஒரு பிள்ளைக்குக் கட்டணம் இல்லாத இடம், உப்பு என்று மூன்று நிபந்தனை வைத்தார். முதல் இரண்டுக்கும் பாஸ் அக்கா சரி என்றாள். மூன்றாவதுக்கு, "அத நான் பாத்துக்கிறேன்" என்றாள். கை தூக்கச் சொன்னார்கள். தூக்கினார்கள். மற்றத் தோட்டத்துச் சங்கங்கள் பிற்பாடு ஒவ்வொன்றாக வந்து சேர்ந்ததுதான் இப்போது நீங்கள் பார்க்கிற கதை.

அடுத்த நாள் பாஸ் அக்கா ஹட்டனுக்குப் போய்ப் பாஸ்போட்டை வாங்கி வந்தாள். ஏஜென்சிக்காரன் இழுத்தடித்தானாம். "குடுக்கத்தான் ஆள் வருவாங்க, திருப்பி வாங்க வந்தது நீ ஒருத்திதான்" என்றானாம். பாண் உறையில் சுற்றி எடுத்து வந்து மாப் பீப்பாய்க்கு மேலே வைத்தாள். இன்னமும் அங்கேதான் இருக்கிறது. தூசி தட்டும்போது கவனம்.

மகள் இப்போது பெரிய பிள்ளை. பள்ளிக்கூடம் விட்டு வந்து போறணை வாசலில் பையைப் போட்டுவிட்டு, "என்னாம்மா, இன்னிக்கும் பாணா? வேற ஒண்ணும் செய்யத் தெரியாதா ஒனக்கு?" என்று கத்துகிறாள். பாஸ் அக்கா அதைக் கேட்பதற்காகவே சில நாள் வேண்டுமென்று பாண் கொடுக்கிறாள் என்பது என் சந்தேகம்.

இனி நீங்கள். புதிய அறக்கட்டளை ஒன்று பெரிய மின்போறணை தருவதாகக் கேள்விப்பட்டேன். வாங்குங்கள். பனி வந்தால் நனைவதில் தப்பில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்குப் போவதை விடாதீர்கள். அங்கே உங்களுக்குக் கதிரை கிடைக்காது, நின்றுகொண்டுதான் இருக்க வேண்டும், செக்கட்டரி உப்பைப் பற்றிப் பேசுவார், கேட்க வேண்டும். சனம் ஏற்கெனவே எதற்காகக் கேட்காமலே கை நீட்டிக் கொடுக்கிறதோ, அதன் பக்கத்தில் போய் நில்லுங்கள். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அந்தக் கட்டத்தில் நான் எப்போதும் 'மரண உதவிச் சங்கங்கள்' என்றுதான் எழுதினேன். அபசகுனம் என்று யாராவது சொல்வார்கள். சொல்லட்டும், எழுதுங்கள். 'எதிர்பார்க்கும் வளர்ச்சி' என்று ஒரு கட்டம் வந்தால் கோடு கிழித்து விட்டுவிடுங்கள்.

கடைசி நாள் பாஸ் அக்கா என்னை பஸ்ஸுக்கு அனுப்ப வந்தாள். நோர்வூட் தரிப்பிடத்தில் பனி. ஹட்டன் பஸ் உறுமிக்கொண்டு நின்றது. சூடான பொட்டலம் ஒன்றை என் கையில் வைத்தாள். நான் படியில் ஏறிவிட்டேன். கண்டக்டர் இரண்டு தட்டுத் தட்டினான்.

"மிஸ், சாவுக்கு வருவீங்கல்ல?"

"யாரு சாவுக்கு?"

"யாரு சாவா இருந்தா என்னா. வாங்க. பாண் சூடா இருக்கும்."